எண் வந்தது, அடிக்குறிப்பு எங்கே?

மத்திய புள்ளியியல் அமைச்சகம் வெளியிடும் மாதிரி ஆய்வு அறிக்கைகளில் ஒரு வாக்கியம் பல ஆண்டுகளாக இடம்பெற்று வருகிறது. இந்தியா முழுவதும் ஆய்வு நடந்தது, அந்தமான் நிகோபார் தீவுகளில் சென்றடையக் கடினமான கிராமங்கள் மட்டும் நீங்கலாக என்பதே அதன் சாரம். தலைப்புச் செய்தி எழுதுவோர் அதைக் கவனிப்பதில்லை. விவாதத்தில் பேசும் உறுப்பினர்களும் அதை வாசிப்பதில்லை. ஆயினும், தேசத்தின் கணக்கில் யார் விடுபட்டார்கள் என்பதை அரசே ஒப்புக்கொள்ளும் வரி அது.

அந்த ஒற்றை வரிக்கு இப்போது புதியதொரு சோதனை வந்திருக்கிறது. அரசின் புள்ளிவிவரங்களைச் செயற்கை நுண்ணறிவு உரையாடல் உதவியாளர்களுடன் நேரடியாக இணைக்கும் பணி தொடங்கிவிட்டது. புள்ளியியல் அமைச்சகம் 2024 ஜூன் மாதம் தொடங்கிய 'இ-சாங்க்யிகி' என்ற தரவுத் தளத்துக்கு, 2026-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இத்தகைய இணைப்பு வசதி சோதனை வடிவில் அளிக்கப்பட்டது. தொழிலாளர் ஆய்வு, நுகர்வோர் விலைக் குறியீடு, தொழில் உற்பத்திக் குறியீடு உள்ளிட்ட தொகுப்புகள் முதலில் இணைக்கப்பட்டன. இனி ஒருவர் நூற்றுக்கணக்கான பக்கங்களைப் புரட்ட வேண்டியதில்லை. கேள்வியைத் தட்டச்சு செய்தால் போதும், எண் வந்து நிற்கும்.

எண் வரும். அதனுடன் அடிக்குறிப்பும் வருமா என்பதே கேள்வி.

இந்த இணைப்பு எப்படிச் செயல்படுகிறது என்பதை அறிந்தால்தான் கேள்வியின் கனம் புரியும். உரையாடல் உதவியாளர் தனித்து இயங்கும்போது, தனக்குப் பயிற்சி அளிக்கப்பட்ட காலம் வரை படித்தவற்றிலிருந்து பேசுகிறது. நேற்று வெளியான அறிக்கை அதற்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லும் பழக்கமும் அதற்கு உண்டு. இக்குறையைப் போக்க வெளியிலுள்ள கருவிகளை அதனுடன் இணைக்கிறார்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், அதற்கு என்னென்ன விவரங்கள் தேவை என்ற படிவம் ஆகியவை உதவியாளரிடம் தரப்படுகின்றன. கேள்வி வந்ததும் உதவியாளர் விளக்கங்களை வாசித்து, பொருத்தமான கருவியைத் தேர்ந்து, மாநிலம், ஆண்டு, பாலினம் போன்ற கட்டங்களை நிரப்பி அனுப்புகிறது. கருவி தரும் விடையை வாக்கியமாக்கிப் பயனாளரிடம் சேர்க்கிறது.

இதற்கான பொது விதிமுறை ஒன்றை அமெரிக்காவின் ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்', சுருக்கமாக எம்.சி.பி., என்பது அதன் பெயர். போட்டி நிறுவனங்களான ஓபன் ஏஐ, கூகுள் ஆகியவையும் 2025-இல் அதை ஏற்றன. அதே ஆண்டு டிசம்பரில், லினக்ஸ் அறக்கட்டளையின் குடையின்கீழ் அமைந்த பொது அமைப்பிடம் அது ஒப்படைக்கப்பட்டது. ஒரு துறை தன் தரவுக்கு ஒருமுறை கருவி அமைத்துவிட்டால், அந்த விதிமுறையை ஏற்ற எந்த உதவியாளரும் அதைப் பயன்படுத்தலாம்.

நாடாளுமன்றத்தை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. உறுப்பினர் கேள்வி கேட்கிறார். அமைச்சகத்தில் உரிய பிரிவு தகவலைத் திரட்டித் தருகிறது. அமைச்சர் எழுந்து வாசிக்கிறார். உதவியாளர் இங்கே அமைச்சரின் இடத்தில் நிற்கிறது. கருவி, அமைச்சகப் பிரிவின் இடத்தில் இருக்கிறது. வேறுபாடு ஒன்றுதான். அமைச்சரின் பதிலுக்கு இணைப்புப் பட்டியல் உண்டு, அதன் கீழே அடிக்குறிப்பு உண்டு. பதில் தவறானால் அவையில் திருத்த அறிக்கை அளிக்கும் கடமையும் உண்டு. தகவல் கைவசம் இல்லையெனில், "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்" என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அது உறுதிமொழியாகப் பதிவாகும். மூன்று மாதங்களுக்குள் அதை நிறைவேற்ற வேண்டும். நிறைவேறியதா என்று கண்காணிக்க மக்களவையில் ஒரு குழுவே இருக்கிறது. உரையாடல் உதவியாளருக்கு இவற்றில் எந்தக் கடமையும் இல்லை.

அந்தமானின் கணக்கை எடுத்துக்கொண்டால், இந்த வேறுபாடு எங்கே கொண்டுபோய் விடும் என்பது விளங்கும்.

2022-23-ஆம் ஆண்டுக்கான காலமுறைத் தொழிலாளர் ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட பட்டதாரிகளிடையே வேலையின்மை விகிதம் நாட்டளவில் 13.4 சதவீதம். அந்தமான் நிகோபாரில் அது 33 சதவீதம். மூன்று பட்டதாரிகளில் ஒருவருக்கு வேலையில்லை என்பது சாதாரணச் செய்தியன்று. கருவி இணைக்கப்பட்ட உதவியாளர் இந்த எண்ணை நொடியில் எடுத்துத் தரும். ஆனால், சென்றடையக் கடினமான கிராமங்கள் இந்தக் கணக்கில் இல்லை என்பதையும், சிறிய ஒன்றியப் பிரதேசங்களில் மாதிரியின் அளவு சிறிது என்பதால் பிழை வரம்பு பெரிது என்பதையும் அது சொல்லுமா? கருவியைக் கட்டியவர் அந்த வரிகளை விடையுடன் சேர்த்திருந்தால் சொல்லக்கூடும். சேர்க்காவிட்டால் உதவியாளருக்கு அது தெரியவே வழியில்லை.

மக்கள்தொகைக் கணக்கில் சிக்கல் இன்னும் கூர்மையானது. நிகோபார் மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-இல் 42,068. 2011-இல் அது 36,842 ஆனது. பத்தாண்டுகளில் 12 சதவீதத்துக்கும் அதிகமான வீழ்ச்சி. இடையில் 2004 டிசம்பர் 26-ஆம் தேதி வந்த ஆழிப்பேரலையை அறியாதவர் எவரும் இல்லை. இந்தச் சரிவு உண்மையானது. அதன் பின்னே மனித உயிர்கள் இருக்கின்றன.

இனி வடக்கு சென்டினல் தீவைப் பார்ப்போம். 2001 கணக்கெடுப்பு அங்கே 39 பேரைக் காட்டியது, 2011 கணக்கெடுப்பு 15 பேரைக் காட்டியது. இவ்விரு எண்களையும் ஓர் இயந்திரத்திடம் கொடுத்தால், சென்டினல் மக்கள் 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டனர் என்று தயங்காமல் கணக்கிட்டுக் கூறும். கணிதம் சரி, முடிவு தவறு. அந்தத் தீவில் எந்தக் கணக்கெடுப்பாளரும் வீடு வீடாகச் செல்லவில்லை. தொலைவிலிருந்து கண்ணில் பட்டவர்களை எண்ணியதே அந்த எண். கடற்கரைக்கு அன்று எத்தனை பேர் வந்தார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. ஒரே அட்டவணையில், ஒரே தலைப்பின்கீழ், உண்மையான ஒரு வீழ்ச்சியும் தோற்றமான ஒரு வீழ்ச்சியும் அருகருகே நிற்கின்றன. இரண்டையும் பிரித்துக் காட்டுவது அடிக்குறிப்பு மட்டுமே.

பெயர்களிலும் இதே தொல்லை உண்டு. 2018 டிசம்பரில் ஹேவ்லாக் தீவு 'ஸ்வராஜ் துவீப்' ஆயிற்று, நீல் தீவு 'சஹீத் துவீப்' ஆயிற்று. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் நகரம் 'ஸ்ரீ விஜயபுரம்' எனப் பெயர் மாறியது. பழைய அறிக்கைகள் பழைய பெயரில் இருக்கின்றன. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடும் கருவி, புதிய பெயரைக் கேட்டால் பழைய ஆண்டுகளுக்குத் தரவே இல்லை என்று சொல்லிவிடும். தீவுகளின் எண்ணிக்கையே எண்ணும் முறைக்கேற்ப மாறுகிறது. பாடநூல்களில் நெடுங்காலம் 572 என்று இருந்தது. குறுந்தீவுகளையும் பாறைகளையும் சேர்த்து 836 என்கின்றன பிற்கால அரசு ஆவணங்கள்.

எந்த ஆவணத்தை இணைப்பது என்பதிலும் அரசியல் இருக்கிறது. கிரேட் நிகோபார் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி அளிக்கப்பட்டது. அதற்காக வெட்டப்படும் மரங்கள் சுமார் எட்டரை லட்சம் என்றது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. 2023-இல் நாடாளுமன்றத்தில் அரசு அளித்த பதிலோ 9.64 லட்சம் என்றது. உண்மையான எண்ணிக்கை இவற்றைவிடப் பல மடங்கு இருக்கும் என்று சூழலியலாளர்கள் வாதிடுகின்றனர். மூன்றில் ஒன்றை மட்டும் அறிந்த கருவியிடம் கேட்டால், அந்த ஒன்றே இறுதி உண்மைபோல் வந்து விழும். கேட்டவருக்கு, மற்ற இரண்டும் இருக்கின்றன என்ற ஐயமே எழாது.

இது எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும் குறைதானே, அந்தமானுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். அந்தத் தீவுகளுக்குச் சட்டப்பேரவை இல்லை. மாநிலங்களவையில் உறுப்பினர் இல்லை. மக்களவையில் இருப்பது ஒரே ஓர் இடம். கப்பல் போக்குவரத்து முதல் ஆசிரியர் நியமனம் வரை, அவர்களுக்கான நிதியும் முடிவும் தில்லியிலிருந்தே பிறக்கின்றன. நேரில் பார்த்திராத அதிகாரிகள், கையிலிருக்கும் எண்களை வைத்தே அவர்களை அறிகிறார்கள். தவறான எண்ணை மறுக்க அங்கே ஒரு பேரவை இல்லாதபோது, எண்ணின் நேர்மைதான் அம்மக்களுக்கு மிஞ்சியிருக்கும் பிரதிநிதித்துவம்.

தமிழர்களுக்கு இதில் தனி அக்கறை உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி, தீவுகளின் 3,80,581 பேரில் ஏறத்தாழ 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். 1964-ஆம் ஆண்டின் சிறீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினர், கச்சால் தீவின் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். ஆழிப்பேரலை மிகக் கடுமையாகத் தாக்கிய இடங்களில் கச்சாலும் ஒன்று. 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி, சுமார் 1,224 கோடி ரூபாய்ச் செலவில், 2,300 கிலோமீட்டர் நீளமான கடலடிக் கண்ணாடியிழை வடம் சென்னையிலிருந்து தீவுகளுக்கு இயக்கிவைக்கப்பட்டது. தலைநகருடன் கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார், லிட்டில் அந்தமான் உள்ளிட்ட தீவுகளை அது இணைத்தது. வடம் நேரடியாகச் சென்ற தீவுகளின் பட்டியலில் கச்சால் இல்லை. கணக்கிலும் கம்பியிலும் கடைசியில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஒரே மக்கள்தான்.

இதனால் கருவி இணைப்பே கூடாது என்று முடிவுகட்டுவது பேதைமை. இணைப்பு இல்லாத உதவியாளர் நினைவிலிருந்து ஊகித்துச் சொல்லும். அதைவிட அரசின் தரவைத் தேடி எடுத்துச் சொல்வது பன்மடங்கு மேல். ஆங்கில அறிக்கையைப் படிக்க இயலாத ஒரு மீனவர் சங்கச் செயலர், தமிழிலேயே கேட்டுத் தமிழிலேயே விடை பெறும் காலம் வருமானால், அது ஜனநாயகத்துக்கு ஆக்கமே. வட்டாட்சியர் அலுவலக வாசலில் காத்திருக்காமல், தன் ஊரின் கணக்கைத் தானே பார்க்கும் உரிமை சிறிய உரிமையன்று. ஆனால், அந்த உரிமை முழு உண்மைக்கான உரிமையாக இருக்க வேண்டும்.

அதற்குச் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முதலாவதாக, ஆய்வின் எல்லை பற்றிய குறிப்பை வேறொரு பக்கத்தில் வைக்காமல், கருவி தரும் ஒவ்வொரு விடையின் உள்ளேயே வைக்க வேண்டும். அந்தமான் என்று கேட்டால், விடுபட்ட கிராமங்கள் பற்றிய வரியும், பிழை வரம்பும், எண்ணிய முறையும் எண்ணுடன் ஒட்டிக்கொண்டே வர வேண்டும். இரண்டாவதாக, பழைய பெயரும் புதிய பெயரும் ஒன்றே எனக் கருவிக்குச் சொல்லப்பட வேண்டும். மூன்றாவதாக, ஒப்பிடத் தகாத எண்களை ஒப்பிடலாகாது என்ற எச்சரிக்கை கருவியின் விளக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். நான்காவதாக, "தரவு இல்லை" என்பதும் மதிப்புள்ள ஒரு விடை என்று ஏற்கப்பட வேண்டும். தவறு கண்டறியப்பட்டால், நாடாளுமன்றத்தில் போலவே, தேதியிட்ட திருத்தம் வெளியிடப்பட வேண்டும்.

காலமும் இதற்குக் கனிந்திருக்கிறது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 2027 மார்ச் 1-ஆம் தேதியை அடிப்படையாகக் கொண்டு நடைபெறும் என 2025 ஜூன் மாதம் அறிவிக்கை வெளியிடப்பட்டது. நாட்டின் முதல் மின்னணுக் கணக்கெடுப்பு என்ற பெருமையும் அதற்கு உண்டு. அதன் முடிவுகளை மக்களில் பலர் புத்தகத்தில் தேடப்போவதில்லை, உரையாடல் உதவியாளரிடம்தான் கேட்கப்போகிறார்கள். ஆகவே முடிவுகள் வெளிவந்தபின் யோசிப்பதைவிட, கருவிகள் சோதனை நிலையில் இருக்கும்போதே விதிகளை வகுப்பது நல்லது. புள்ளியியல் அமைச்சகமும், கணக்கெடுப்பை நடத்தும் உள்துறை அமைச்சகமும் இதில் ஒரே நெறியைப் பின்பற்ற வேண்டும். தொடர்புடைய நிலைக்குழுக்களும் இதைக் கேள்வியாக எழுப்பலாம்.

அச்சுக் காலத்தில் அடிக்குறிப்பை வாசிக்காமல் விட்டது வாசகரின் சோம்பல். கருவிக் காலத்தில் அது வந்து சேராமலே போனால், அது அரசின் தவறு. சென்றடையக் கடினமான கிராமங்கள் என்று அரசு எழுதிய அந்த வரியேனும், சென்றடையக் கடினமானதாக ஆகிவிடக் கூடாது.