121 தோல்விகள்: ரசிகர்களின் கோபம் அணி உரிமையாளர்களை எட்டாதது ஏன்?

தோற்கும் அணியைப் பார்த்து ரசிகர்கள் கூச்சலிடுவது எந்த நாட்டிலும் வழக்கமான ஒன்று. தங்கள் அணி வெற்றி பெற்றுக்கொண்டிருக்கும்போதே, 'அணியை விற்றுவிடு' என்று உரிமையாளரை நோக்கி முழக்கமிடுவது அரிது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 2024 செப்டம்பர் இறுதி வாரத்தில் அது நடந்தது. அந்நகரின் வைட் சாக்ஸ் பேஸ்பால் அணி அப்போது 120 தோல்விகளுடன், 1962-ல் நியூயார்க் மெட்ஸ் அணி படைத்த மோசமான சாதனையைச் சமன் செய்திருந்தது. சொந்த மைதானத்தில் நடந்த கடைசித் தொடரில் லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் அணியை மூன்று ஆட்டங்களிலும் வென்றபோதும் ரசிகர்களின் முழக்கம் ஓயவில்லை. அடுத்த நாள், செப்டம்பர் 27-ம் தேதி, டெட்ராய்ட் நகரில் 121-வது தோல்வி வந்து சேர்ந்தது. 41 வெற்றி, 121 தோல்வி. 1900-ம் ஆண்டுக்குப் பிந்தைய அமெரிக்கப் பேஸ்பால் வரலாற்றில் ஒரே பருவத்தில் இத்தனை ஆட்டங்களில் வேறு எந்த அணியும் தோற்றதில்லை.

மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வொரு அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. இவ்வளவு நீண்ட பருவத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு சுருங்கிவிடும். ஓரிரு வீரர்களின் காயமோ, சில நடுவர் தீர்ப்புகளோ ஓர் அணியை 121 முறை தோற்கடிக்க முடியாது. அதனால்தான் சிகாகோ ரசிகர்களின் கோபம் களத்தில் நின்ற வீரர்களைக் கடந்து, 1981 முதல் அணியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப் மீது குவிந்தது.

இரண்டாம் முறை கேட்கப்பட்ட பொறுமை

இந்தக் கோபத்தின் வேர் 2024-க்கு முந்தையது. 2016 டிசம்பரில் அணியின் முன்னணிப் பந்துவீச்சாளர் கிறிஸ் சேல் பாஸ்டன் அணிக்கு அனுப்பப்பட்டார். நட்சத்திர வீரர்களைக் கொடுத்துவிட்டு, அவர்களுக்கு ஈடாக இளம் வீரர்களைப் பெற்று, சில ஆண்டுகள் தோற்று, பின்னர் வலிமையான அணியாக எழுவது என்பதே நிர்வாகம் முன்வைத்த திட்டம். ரசிகர்கள் அதை ஏற்றுக்கொண்டு காத்திருந்தனர்.

காத்திருப்புக்குப் பலன் கிடைப்பது போலவும் தோன்றியது. 2020-ல் அணி பிளே-ஆஃப் சுற்றுக்கு முன்னேறியது. ஆனால் அந்தப் பருவம் முடிந்ததும் அணியை அதுவரை கொண்டுவந்த மேலாளர் நீக்கப்பட்டு, 76 வயதான டோனி லா ரூசா அமர்த்தப்பட்டார். லா ரூசா பேஸ்பாலின் மாபெரும் மேலாளர்களில் ஒருவர் என்பதில் ஐயமில்லை. இருப்பினும், 1986-ல் இதே அணி அவரை நீக்கியது குறித்து ரைன்ஸ்டார்ஃப் நெடுங்காலம் வருந்தி வந்தார் என்பதும் அனைவரும் அறிந்ததே. பழைய தவறுக்கு உரிமையாளர் தேடிக்கொண்ட பரிகாரமாகவே பலரும் இந்த நியமனத்தைப் பார்த்தனர்.

2021-ல் அணி 93 ஆட்டங்களில் வென்று தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. அதன் பின்னர் சரிவுதான். 2022-ல் 81 வெற்றி, 81 தோல்வி. 2023-ல் 101 தோல்விகள். அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் நிர்வாகத் தலைவர்களான கென் வில்லியம்ஸ், ரிக் ஹான் இருவரும் பதவி நீக்கப்பட்டனர். பத்தே நாட்களுக்குள், வெளியே எவரையும் தேடாமல், அதே நிர்வாகத்தில் பணியாற்றிவந்த கிறிஸ் கெட்ஸ் பொறுப்புக்கு உயர்த்தப்பட்டார். வெளியிலிருந்து வருபவர் அணியைப் புரிந்துகொள்ளவே ஓராண்டு ஆகிவிடும் என்பது உரிமையாளர் தரப்பு தந்த விளக்கம். விரைவாக மீள வேண்டும் என்று சொல்லி எடுக்கப்பட்ட அந்த முடிவுக்கு அடுத்த ஆண்டே 121 தோல்விகள் வந்தன. தொடர்ச்சியாக 21 ஆட்டங்களில் தோற்ற பிறகு, 2024 ஆகஸ்ட் 8-ம் தேதி மேலாளர் பெட்ரோ கிரிஃபோல் நீக்கப்பட்டார்.

பருவத்தின் முடிவில் ரைன்ஸ்டார்ஃப் ரசிகர்களுக்கு எழுதிய கடிதத்தில், ஆட்டம் எல்லா வகையிலும் தோல்வியே என்றும், அதற்கான இறுதிப் பொறுப்பு தன்னுடையதே என்றும் ஒப்புக்கொண்டார். மேலாளர் போனார், நிர்வாகிகள் போனார்கள், வீரர்கள் போனார்கள். பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் மட்டும் அதே இடத்தில் இருந்தார். ரசிகர்களிடம் மறுபடியும் பொறுமை கேட்கப்பட்டது. பத்தாண்டுகளுக்குள் இது இரண்டாம் முறை.

தோல்விக்கு விலை இல்லாத அமைப்பு

சிகாகோவில் நடந்ததை ஒரு தனிமனிதரின் பிடிவாதமாக மட்டும் பார்ப்பது போதாது. அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டின் கட்டமைப்பே இதற்கு இடமளிக்கிறது.

ஐரோப்பியக் கால்பந்து லீக்குகளில் கடைசி இடங்களைப் பிடிக்கும் அணிகள் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படும். வருவாய் சரியும், அணியின் மதிப்பு வீழும். ஆகவே தோல்வி உரிமையாளரின் கையையும் சுடும். மேஜர் லீக் பேஸ்பாலில் அத்தகைய தண்டனை இல்லை. 121 முறை தோற்ற அணியும் அடுத்த ஆண்டு அதே லீக்கில், அதே இடத்தில் நிற்கும். தேசிய அளவிலான ஒளிபரப்பு உரிமைத் தொகை 30 அணிகளுக்கும் சமமாகப் பகிரப்படுகிறது. ஒவ்வொரு அணியின் உள்ளூர் வருவாயிலும் ஏறத்தாழ பாதி பொதுத் தொகுப்புக்குச் சென்று மறுபடியும் சமமாகப் பிரிகிறது. பலவீனமான அணிகளைக் காப்பதற்காக உருவான இந்த ஏற்பாடு, அலட்சியமான உரிமையாளரையும் சேர்த்தே காக்கிறது.

1981-ல் சுமார் 2 கோடி டாலருக்கு வாங்கப்பட்ட வைட் சாக்ஸ் அணியின் இன்றைய மதிப்பு, ஃபோர்ப்ஸ் இதழின் கணிப்புப்படி சுமார் 200 கோடி டாலர். களத்தில் அணி வரலாறு காணாத வீழ்ச்சியைச் சந்தித்தபோதும், உரிமையாளரின் சொத்து மதிப்பு வாங்கிய விலையைப் போல நூறு மடங்காக உயர்ந்து நிற்கிறது. ஆனால் இந்த அணி 2024 வரை தன் வரலாற்றில் எந்த வீரருடனும் 10 கோடி டாலர் மதிப்பிலான ஒப்பந்தம் செய்ததில்லை. 2022 டிசம்பரில் ஆண்ட்ரூ பெனின்டெண்டிக்கு அளித்த 7.5 கோடி டாலர் ஒப்பந்தமே அதுவரை மிகப் பெரியது. நாட்டின் மூன்றாவது பெரிய நகரத்தில் உள்ள அணி இது என்பதை நினைவில் கொண்டால் ரசிகர்களின் ஆத்திரம் புரியும்.

தோற்பதால் கிடைக்கும் ஒரே ஆறுதல், டிராஃப்ட் எனப்படும் புதிய வீரர் தேர்வில் முன்னுரிமை. சிகாகோவுக்கு அதுவும் வாய்க்கவில்லை. பெரிய சந்தை கொண்ட அணிகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் குலுக்கல் முறைத் தேர்வில் பங்கேற்க முடியாது என்ற விதி காரணமாக, வரலாற்றிலேயே மோசமாக ஆடிய அணிக்கு 2025 டிராஃப்டில் பத்தாவது இடமே கிடைத்தது. வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க வகுக்கப்பட்ட விதி, திறமையின்மையால் தோற்ற அணியின் ரசிகர்களையும் தண்டித்தது.

ஓக்லாந்து சொல்லும் பாடம்

ரசிகர்கள் திரண்டு எழுந்தால் நிலைமை மாறாதா என்ற கேள்விக்கு ஓக்லாந்து நகரம் கசப்பான பதிலைத் தருகிறது. 1972, 1973, 1974 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்தும், பின்னர் 1989-லும் உலகத் தொடரை வென்ற அத்லெடிக்ஸ் அணி அந்நகரின் பெருமையாக இருந்தது. ஜான் ஃபிஷர் உரிமையாளராக இருந்த காலத்தில், 2021 பருவத்துக்குப் பின் முன்னணி வீரர்கள் ஒவ்வொருவராக வெளியேற்றப்பட்டனர். பருவச் சீட்டுகளின் கட்டணமோ உயர்த்தப்பட்டது. 2022-ல் 102 தோல்விகள், 2023-ல் 112 தோல்விகள். இருக்கைகள் காலியாயின. காலியான இருக்கைகளையே காரணம் காட்டி, அணியை லாஸ் வேகாஸ் நகருக்கு மாற்றும் முயற்சி வலுத்தது.

அப்போது ரசிகர்கள் புறக்கணிப்பைத் தலைகீழாக்கினர். 2023 ஜூன் 13-ம் தேதி, மைதானத்துக்கு வராமல் இருப்பதற்குப் பதிலாக, வந்து நிரப்பினர். 27,759 பேர் திரண்டனர். 'விற்றுவிடு' என்ற சொல் பொறித்த பச்சைச் சட்டைகளுடன் முழக்கமிட்டனர். தாங்கள் அணியைக் கைவிடவில்லை, அணிதான் தங்களைக் கைவிட்டது என்பதே அவர்கள் நாட்டுக்குச் சொல்ல விரும்பிய செய்தி. அன்றே நெவாடா மாநில செனட் சபை, லாஸ் வேகாஸ் மைதானத்துக்கு 38 கோடி டாலர் வரை பொதுநிதி வழங்கும் மசோதாவை நிறைவேற்றியது. இரண்டே நாட்களில் ஆளுநர் கையொப்பமிட்டார். நவம்பரில் 30 உரிமையாளர்களும் ஒருமனதாக இடமாற்றத்துக்கு ஒப்புதல் அளித்தனர். 2024 செப்டம்பர் 26-ம் தேதி ஓக்லாந்தில் நடந்த கடைசி ஆட்டத்தைக் காண 46,889 பேர் வந்திருந்தனர். புதிய மைதானம் தயாராகும் வரை அந்த அணி சாக்ரமென்டோ அருகே, சுமார் 14,000 பேர் மட்டுமே அமரக்கூடிய சிறிய மைதானத்தில் ஆடுகிறது.

ஓர் அணியைத் தீர்மானிக்கும் வாக்குகள் 30 பேரிடம்தான் இருக்கின்றன என்பதை ஓக்லாந்து உணர்த்தியது. நாளை தங்களுக்கும் இதே உரிமை தேவைப்படலாம் என்று எண்ணும் அந்த 30 பேர், தங்களில் ஒருவருக்கு எதிராக வாக்களிப்பார்கள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

கையில் எஞ்சியிருக்கும் பிடி

அப்படியானால் ரசிகர்கள் முற்றிலும் கையறு நிலையில் உள்ளனரா? ஓரிடத்தில் மட்டும் அவர்களுக்குப் பிடி உண்டு. அங்கே அவர்கள் ரசிகர்களாக அல்லாமல் வாக்காளர்களாகவும் வரி செலுத்துவோராகவும் நிற்கிறார்கள். அமெரிக்காவில் விளையாட்டரங்குகள் பெரும்பாலும் பொதுப்பணத்தின் துணையோடு கட்டப்படுகின்றன. வைட் சாக்ஸ் மைதானமே அதற்குச் சான்று. 1988-ல் அணியை ஃபுளோரிடாவுக்குக் கொண்டு செல்லும் வாய்ப்பு முன்னிறுத்தப்பட்டபோது, இலினாய் மாநில சட்டமன்றம் கூட்டத்தொடரின் கடைசி நிமிடங்களில் நிதியை அனுமதித்தது. 1991-ல் திறக்கப்பட்ட அந்த மைதானம் இன்றும் மாநில அமைப்பு ஒன்றுக்கே சொந்தம்.

2024-ல் அதே கோரிக்கை மீண்டும் எழுந்தது. நகர மையத்துக்கு அருகில் புதிய மைதானம், அதற்குச் சுமார் 100 கோடி டாலர் பொதுநிதி. ஆனால் 121 தோல்விகள் கண்ட அணிக்காகப் பரிந்து பேச சட்டமன்றத்தில் எவரும் ஆர்வம் காட்டவில்லை. கோரிக்கை நகரவில்லை. 2025-ல் அதே நிலப்பகுதியில், சிகாகோ ஃபயர் கால்பந்து அணியின் உரிமையாளர் 65 கோடி டாலரில் தனியார் முதலீட்டிலேயே அரங்கம் கட்டப்போவதாக அறிவித்தார். மைதானத்தில் எழுந்த முழக்கத்துக்கு அசையாத அணி நிர்வாகம், சட்டமன்றத்தின் மௌனத்தை எதிர்கொள்ள வேண்டியதாயிற்று.

மிசௌரி மாநிலத்தின் ஜாக்சன் கவுண்டியிலும் இதுபோன்ற நிகழ்வு உண்டு. 2024 ஏப்ரலில் பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து என இரு அணிகளின் அரங்குகளுக்கான விற்பனை வரி நீட்டிப்பை வாக்காளர்களில் சுமார் 58 சதவீதத்தினர் நிராகரித்தனர். எனினும் சில வாரங்களிலேயே அண்டை மாநிலமான கான்சஸ், அவ்வணிகளை ஈர்க்கச் சலுகைச் சட்டம் இயற்றியது. ஒரு நகரம் மறுத்தால் இன்னொரு நகரம் கொடுக்கும் என்ற நிலை நீடிக்கும் வரை இந்தப் பிடியும் முழுமையானதல்ல.

உரிமையாளர் தரப்பு வாதம்

ரைன்ஸ்டார்ஃப் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2005-ல் 88 ஆண்டு காத்திருப்பை முடித்து உலகத் தொடரை வென்றது அவரது காலத்தில்தான். அவர் உரிமையாளராக உள்ள சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணி 1990-களில் ஆறு பட்டங்களை வென்றது. ரசிகர்கள் கேட்கும்போதெல்லாம் நிர்வாகத்தை மாற்றும் அணி எந்தத் திட்டத்தையும் முடிக்க முடியாது என்பதும் உண்மை. 2025-ல் அணியின் வெற்றிகள் 60 ஆக உயர்ந்தன. வருங்கால உரிமை மாற்றத்துக்காக முதலீட்டாளர் ஜஸ்டின் இஷ்பியாவுடன் ஒப்பந்தமும் எட்டப்பட்டுள்ளது. ஆனால் அதன்படி ரைன்ஸ்டார்ஃப் விரும்பினால் 2029-க்கும் 2033-க்கும் இடையில் விற்கலாம். அவர் விற்காவிட்டால், 2034 பருவத்துக்குப் பிறகே வாங்கும் உரிமை இஷ்பியாவுக்குக் கிடைக்கும். ரசிகர்களின் கோரிக்கைக்குப் பதில் கிடைத்திருக்கிறது. அதன் காலத்தைக் குறித்தவர் உரிமையாளரே.

வழக்கமான வணிகத்தில் பொருள் பிடிக்காவிட்டால் வாடிக்கையாளர் வேறு கடைக்குச் செல்வார். அணிப்பற்று அப்படி மாறுவதில்லை. அது பெற்றோரிடமிருந்தும் தெருவிலிருந்தும் வருவது. சிகாகோவில் பிறந்து, 2025 மே மாதம் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவராகத் தேர்வான போப் 14-ம் லியோவும் வைட் சாக்ஸ் ரசிகர்தான். 2005 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தை அவர் அரங்கில் அமர்ந்து பார்த்தார். உலகின் எந்த மூலைக்குச் சென்றாலும் விடாத அந்தப் பற்றை நம்பியே அணியின் மதிப்பு நிற்கிறது. விலகிச் செல்ல முடியாத வாடிக்கையாளரிடம் தரம் குறைந்த பொருளைத் தொடர்ந்து விற்பதுதான் இங்கே அறக்கேள்வியாகிறது.

இந்திய ரசிகர்களுக்கும் இது தொலைதூரச் செய்தியன்று. ஐபிஎல் போட்டியும் கீழிறக்கம் இல்லாத மூடிய லீக். அதன் ஒளிபரப்பு வருவாயும் அணிகளிடையே பகிரப்படுகிறது. கடைசி இடம் பிடித்த அணியும் அடுத்த ஆண்டு அதே மேடையில் ஆடும். அணிகளின் மதிப்பு உயரும் வேகத்தில் ரசிகர்களின் குரலுக்கும் இடம் உண்டா என்பதை இங்கும் கேட்க வேண்டிய காலம் வரும். ஜெர்மனியில் கால்பந்துக் கழகங்களின் பெரும்பான்மை வாக்குரிமை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற விதி உள்ளது. வேறு வழிகளும் உண்டு என்பதற்கு அது சாட்சி. அத்தகைய ஏற்பாடு இல்லாத லீக்கில், 121 முறை தோற்றதற்கான விலையைச் செலுத்துபவர் சீட்டு வாங்கி உள்ளே வந்த ரசிகர் மட்டுமே.