மறைந்திருக்கும் கோப்புகளும் நம் கடமையும்

காகிதத்தில் அச்சாகி, கறையான் அரித்தும் மழை நனைத்தும் இடம்பெயர்வுகளில் சிதறியும் எஞ்சிய நூல்களையும் சஞ்சிகைகளையும் ஸ்கான் செய்து காப்பதே இதுகாறும் யாழ்ப்பாணத்து ஆவணக் காப்பாளரின் பிரதான கடமையாக இருந்து வந்தது. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு மூட்டப்பட்ட தீயில் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பரான பின்னர், ஒரே பிரதியை ஒரே இடத்தில் வைத்திருப்பதன் அபாயத்தை எவரும் நமக்கு எடுத்துரைக்க வேண்டியதாயில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகமும், அதன் வழியில் சிறிதும் பெரிதுமாக நடைபெறும் பிற முயற்சிகளும் அந்த நினைவு மங்காத ஒரு சமூகத்தின் முயற்சிகளேயாகும். ஆயினும் இப்பொழுது நம் கைக்கு வருவது காகிதம் மாத்திரமன்று. ஓர் எழுத்தாளரோ, ஆசிரியரோ, கோயில் தர்மகர்த்தா சபையின் செயலாளரோ காலமான பின்னர், கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகள் தொலைபேசியில் அழைத்து, "அப்பாவின்ரை கொம்பியூட்டர் வீட்டிலை கிடக்குது, அதிலை உள்ளதை எடுத்து வையுங்கோ" என்று கேட்கும் காலம் வந்துவிட்டது. அதில் உள்ளது எது, கண்ணுக்குத் தெரிவது எது என்ற பேதத்தை நம்மவருள் பலர் இன்னும் போதிய அளவு அவதானிக்கவில்லை என்பதே இவ்விதழில் இதனை எழுதுவதற்குக் காரணம்.

கணினியில் ஒரு கோப்பை மறைத்தல் என்பது அதனைப் பூட்டி வைத்தலன்று. டொஸ் காலத்திலிருந்து வழங்கி வரும் ஃபாட் அமைப்பிலே ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் நீளமுள்ள ஒரு பதிவு உண்டு. அதில் ஒரு பைட் அக்கோப்பின் குணங்களைக் குறிக்கும். 1 என்பது வாசிக்க மட்டும், 2 என்பது மறைவு, 4 என்பது முறைமைக்குரியது. அவ்வளவே. நூலகம் எரிந்த அதே 1981இன் ஓகஸ்டில் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியின் டொஸ் தட்டிலும் இரு கோப்புகள் இவ்வாறு மறைக்கப்பட்டிருந்தன. பயன்படுத்துவோர் அறியாமல் அவற்றை அழித்துவிட்டால் அந்தத் தட்டைக் கொண்டு கணினியைத் தொடக்க இயலாது போய்விடுமாதலால், அது நியாயமான ஏற்பாடே. யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸிலும் மக்கின்டொஷிலும் பெயரின் முதலெழுத்து ஒரு புள்ளியாயிருந்தால் கோப்பு பட்டியலில் தோன்றாது. இந்த வழக்கம் எவரும் திட்டமிட்டு வகுத்ததன்று. நடப்புக் கோப்புறையையும் அதன் தாய்க் கோப்புறையையும் சுட்டும் புள்ளிக் குறிகளைப் பட்டியலிலிருந்து நீக்குவதற்காக ஆதியில் எழுதப்பட்ட ஒரு குறுக்குவழியின் எதிர்பாராத விளைவே அது என்று யூனிக்ஸ் அறிஞர் ரொப் பைக் 2012இல் எழுதினார். எவ்வாறாயினும், சாதாரணப் பயனாளருக்குப் பாதுகாப்பாக அமைந்த இந்த ஏற்பாடு, ஆவணக் காப்பாளருக்கோ பெரும் இடர்.

நம் ஊரில் இந்த விஷயத்தை முதன்முதலில் பலருக்கு உணர்த்தியது பென் டிரைவ் வைரஸாகும். அச்சகத்திலோ இணையக் கடையிலோ ஒரு தடவை செருகி எடுத்த பென் டிரைவை வீட்டிலே திறந்தால் கோப்புறைகள் யாவும் குறுக்குவழிகளாக மாறியிருக்கும். சில வேளைகளில் ஒன்றுமே இராது. எல்லாம் போயிற்று என்று மனமுடைந்து, அதனை ஃபோமற் செய்து, உண்மையிலேயே எல்லாவற்றையும் இழந்தவர் அநேகர். கோப்புகள் அழிந்திருக்கவில்லை, வைரஸ் அவற்றுக்கு மறைவு, முறைமை ஆகிய இரு குணங்களையும் சேர்த்து ஏற்றியிருந்தது. அதனாலேயே, விண்டோஸில் வியூ பட்டியலிலுள்ள ஹிடன் ஐட்டம்ஸ் என்பதைத் தெரிவு செய்த பின்னரும் அவை தோன்றுவதில்லை. ஃபோல்டர் ஒப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று, பாதுகாக்கப்பட்ட முறைமைக் கோப்புகளை மறைக்கும் தெரிவையும் நீக்கவேண்டும். அதன் பின் அட்ரிப் கட்டளையால் இரு குணங்களையும் ஒருங்கே களைந்தால் கோப்புறைகள் பழைய நிலைக்கு மீளும். பயன்பட்ட கொள்ளளவு இத்தனை என்று டிரைவ் காட்ட, உள்ளே ஒன்றும் தோன்றாதிருக்குமானால், அந்த முரணே போதிய சாட்சியம்.

ஆனால் வைரஸ் மறைத்ததைக் காட்டிலும் விண்டோஸ் தானே மறைத்து வைத்திருப்பதில்தான் நம் இழப்பு அதிகம். பயனாளர் ஒவ்வொருவரின் கோப்புறைக்குள்ளும் அப்டேட்டா என்றொரு மறைகோப்புறை உண்டு. வேர்ட் செயலி இடையிடையே தானாகச் சேமிக்கும் வரைவுகள், தண்டர்பேர்ட் முதலிய அஞ்சற் செயலிகள் கணினியில் இறக்கி வைத்த கடிதங்கள் யாவும் பெரும்பாலும் அதனுள்ளேயே இருக்கின்றன. மறைவை நீக்காமல் பயனாளரின் கோப்புறையைத் திறந்து, எல்லாவற்றையும் தெரிவு செய்து பிரதியெடுத்தால், டொகுமென்ற்ஸும் டெஸ்க்டொப்பும் வந்து சேரும்; அப்டேட்டா வாராது. எழுத்தாளர் ஒருவர் கடைசியாகத் தொட்ட பக்கம் அங்கேயே நின்றுவிடும்.

எழுத்துருவின் கதை இன்னும் கவலைக்குரியது. யூனிகோட் பரவுவதற்கு முன்னர் ஈழத்தில் தட்டச்சிடப்பட்ட தமிழின் பெரும்பகுதி பாமினி முதலிய எழுத்துருக்களில் உள்ளது என்பதை இச்சஞ்சிகையின் வாசகருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. அக்கோப்புகளுக்குள் சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில விசைகளின் குறியீடுகளே. உரிய எழுத்துரு இல்லாவிடின் நினைவு மலரும் திருமண அழைப்பிதழும் ஆய்வுக் கட்டுரையும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். 2018இன் பிற்பகுதியில் வெளிவந்த விண்டோஸ் 10இன் பதிப்பிலிருந்து, ஒருவர் தம் கணக்கில் நிறுவும் எழுத்துரு பொதுவான ஃபொன்ற்ஸ் கோப்புறைக்குச் செல்லாமல், மேற்சொன்ன அப்டேட்டாவின் ஆழத்தில் வைக்கப்படலாயிற்று. ஆகவே ஃபொன்ற்ஸ் கோப்புறையைப் பார்த்துவிட்டோம் என்று திருப்தியுறுதல் தகாது. பாமினி எங்கும் கிடைக்கும்; ஆனால் ஓர் அச்சகம் தன் தேவைக்கெனத் திருத்திக்கொண்ட எழுத்துரு அந்த ஒரு கணினியிலன்றி வேறெங்கும் கிடைக்காது போகலாம். அது போனால், அதனால் எழுதப்பட்டவற்றைப் பிழையின்றி யூனிகோடுக்கு மாற்றும் திறவுகோலும் உடன் போய்விடும்.

குப்பை என்று நாம் கருதுவனவற்றிலும் சில வேளைகளில் பொருளுண்டு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் படக் கோப்புறைகளில் தம்ப்ஸ் டிபி என்ற மறைகோப்பு ஒன்று காணப்படும். படங்களின் சிற்றுருவங்களைச் சேர்த்து வைக்கும் இக்கோப்பில், மூலப்படம் அழிக்கப்பட்ட பின்னரும் அதன் சிற்றுருவம் தங்கியிருத்தல் உண்டு. இடம்பெயர்வுகளில் ஆல்பங்களை இழந்த குடும்பங்கள் வாழும் ஊரில், ஒரு மங்கலான சிற்றுருவம்கூட அலட்சியமாக அழித்துவிடத் தக்கதன்று.

கருவிகளைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். எக்ஸ்கொப்பி கட்டளை, எச் என்ற குறியைச் சேர்த்தாலன்றி, மறைகோப்புகளைப் பிரதியெடுப்பதில்லை. ரோபோகொப்பி, விலக்குமாறு நாம் கேட்டாலன்றி, அவற்றை விடுவதில்லை. லினக்ஸில் நட்சத்திரக் குறி புள்ளிக் கோப்புகளைச் சேர்க்காது. பிறருடைய வன்தட்டை நம் கணினியில் இணைக்குமுன் எழுதுதடையை இடுவதும் அவசியம். ஏனெனில், மக்கின்டொஷ் ஒரு கோப்புறையைத் திறந்து பார்த்த அளவிலேயே தன் டிஎஸ் ஸ்டோர் கோப்பை அங்கு எழுதிவிடக்கூடும், விண்டோஸும் தன் பங்குக்கு எழுதும். பின்னர் எது உரியவர் வைத்தது, எது நாம் சேர்த்தது என்று பிரித்தறிய முடியாது.

இவ்வளவும் கூறிய பின், எல்லாவற்றையும் வெளிப்படுத்தி எல்லாருக்கும் காட்டவேண்டும் என்பது என் அபிப்பிராயம் என எவரும் கொள்ளலாகாது. அப்டேட்டாவில் கடவுச்சொற்களும், வங்கிக் கணக்கின் சுவடுகளும், ஒருவர் தம் மனைவி மக்களுக்கும் காட்டாத அந்தரங்கங்களும் இருக்கும். யுத்த காலத்தில் எழுதப்பட்ட கடிதங்களில், இன்றும் உயிரோடிருப்பவரின் பெயர்கள் இருக்கும். காப்பதற்காக முழுமையாகப் பிரதியெடுத்தல் வேறு, வாசகருக்குத் திறந்து வைத்தல் வேறு. முன்னதற்கும் உரியவரிடமோ உரித்தாளரிடமோ, கண்ணுக்குத் தெரியாத பகுதியையும் எடுக்கிறோம் என்று தெளிவாகச் சொல்லி, எழுத்தில் சம்மதம் பெற்றுக்கொள்ளல் வேண்டும். கேட்காமல் எடுப்பது, எத்துணை நல்ல நோக்கத்தோடு செய்யினும், அத்துமீறலே.

ஆதலால், பொறுப்பேற்பு ஏட்டில் இன்றே இரண்டு வரிகளைச் சேர்த்துக்கொள்ளுமாறு நம் நூலகர்களையும், பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களின் ஆவணப் பொறுப்பாளர்களையும், அச்சக உரிமையாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: மறைகோப்புகளும் முறைமைக் கோப்புகளும் வெளிப்படுத்தப்பட்டனவா, அவற்றுக்கான சம்மதம் பெறப்பட்டதா. வேலை முடிந்ததும் அந்தத் தெரிவுகளை முன்போல் மறைவுநிலைக்கு மாற்றிவிட்டே கணினியை உரியவரிடம் ஒப்படையுங்கள். வீட்டில் பழைய கணினி வைத்திருப்போர், அதனைப் பழைய இரும்பு வாங்குவோரிடம் கொடுக்குமுன், வன்தட்டைக் கழற்றி ஓர் ஆவணக் காப்பாளரிடம் காட்டுங்கள்.