ஹெட்டை இறக்கச் சொன்னது யார்?

என் வண்டியின் இன்ஜினைப் பிரித்துப் போட்டீர்களே, பிரிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு சோதனையாவது செய்தீர்களா? இந்தக் கேள்வியோடுதான் உங்கள் சர்வீஸ் சென்டரின் கண்ணாடி அறை வாசலில் நின்றேன். மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றீர்கள். கடிதம் எழுதிக் கேட்டேன். டாக்ஸி ஓட்டுகிறவர் நுகர்வோரே அல்ல என்று பதில் போட்டீர்கள். இனி நாலு பேர் கேட்கத்தான் பேச வேண்டும்.

எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் தேவனஹள்ளி விமான நிலையத்துக்கும் சவாரி போகிற டீசல் வண்டி அது. வங்கிக் கடனில் வாங்கியது. பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், அல்சூர் வீட்டு வாடகை, தர்மபுரியில் இருக்கும் அம்மாவின் மாத்திரை எல்லாம் அதன் நாலு சக்கரத்தில்தான் ஓடுகிறது. பெங்களூருவில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 34 நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்று 2024-ஆம் ஆண்டுக் கணக்கில் டாம்டாம் நிறுவனம் சொன்னது. சில்க் போர்டிலும் ஹெப்பாளிலும் முதல் கியரிலேயே ஊர்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு புதிதில்லை. காற்றோட்டம் இல்லாமல் கொதிக்கிற அந்த நேரத்தில் இன்ஜின் ஆயிலின் சூட்டைத் தணிப்பது ஆயில் கூலர் என்கிற ஒரு சின்ன உறுப்பு.

ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்தில், அலுமினியத் தகடுகளை அடுக்கி ஒட்டிய உள்ளங்கை அளவுப் பெட்டி அது. ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு பக்கம் சூடான ஆயில், மறுபக்கம் கூலண்ட். ஆயிலின் சூட்டைக் கூலண்ட் வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும். இரண்டும் கலக்கவே கூடாது. தகட்டில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் போதும். ஓடுகிற வண்டியில் ஆயிலின் அழுத்தம் 3, 4 பார் வரை போகும். கூலண்டின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். ஆயில் கூலண்டுக்குள் பாயும். பெட்டியை மாற்றி, கூலண்ட் வழிகளைக் கழுவினால் வேலை முடிந்தது.

எனக்கு நடந்தது இதுதான். பானெட்டைத் திறந்தபோது கூலண்ட் டப்பாவில் காபி நிறத்தில் கொழகொழவென்று ஏதோ மிதந்தது. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன், ஆயில் சுத்தமாக இருந்தது. சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. டெம்பரேச்சர் முள் ஏறவில்லை. அத்தனையையும் உங்கள் அட்வைசரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். கையில் டேப்லெட்டோடு நின்ற அந்தத் தம்பி டப்பா மூடியைத் திருகி எட்டிப் பார்த்தார். “ஹெட் கேஸ்கட் போயிடுச்சு சார். ஹெட்டை இறக்கணும். இங்க ஒரு சைன் போடுங்க.” பரிசோதனை அத்தோடு முடிந்தது.

இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட் போனாலும் ஆயிலும் கூலண்டும் கலக்கலாம், மறுக்கவில்லை. அதனால்தானே சோதித்துப் பார்க்க வேண்டும்? ஒரு நீல ரசாயனம் இருக்கிறது. கூலண்ட் டப்பா வாயில் அதை வைத்து இன்ஜினை ஓட விட்டால், சிலிண்டரில் எரிந்த புகை கசிகிறதா என்பதை நிறம் மாறிக் காட்டிக் கொடுத்துவிடும். கம்ப்ரஷன் பார்க்கலாம். கூலரைக் கழற்றிக் காற்றடித்துப் பார்க்கலாம். இதில் எதற்கும் ஹெட்டை இறக்க வேண்டாம். ஆனால் கூலரை மாற்றினால் உங்களுக்கு என்ன கிடைக்கும்? ஹெட்டை இறக்கினால் கேஸ்கட் கிட், புது போல்ட்டுகள், லேத்தில் ஃபேஸிங், வால்வு சீல், லேபர் என்று பில் நீண்டுகொண்டே போகும். 1,18,000 ரூபாய் வரை போயிற்று. மனைவியின் செயின் அடகுக் கடைக்குப் போனது அதற்காகத்தான்.

பணம் கட்டி வண்டியை எடுத்தேன். கொஞ்ச நாளில் டப்பாவில் மறுபடியும் அதே காபி நிறம். திரும்பக் கொண்டு வந்தபோது ஒரு மன்னிப்பு உண்டா? “பிளாக்ல கிராக் சார், இன்ஜினையே மாத்திடலாம்” என்றீர்கள். மூன்றரை லட்சத்துக்கு எஸ்டிமேட் நீட்டினீர்கள். வாய் கூசவில்லையா உங்களுக்கு?

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு சிவாஜிநகரில் ஒரு பாயிடம் போனேன். தகரக் கூரை, ஒரு கம்ப்ரஸர், கரி படிந்த ஒரு மேசை, அவ்வளவுதான் அவர் பட்டறை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் முதலில் கழற்றியது கூலரைத்தான். கூலண்ட் போகிற வழிகளை ரப்பர் வைத்து அடைத்தார். ஆயில் வழியில் காற்றுக் குழாயைச் செருகி, பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார். மூன்றாவது தகட்டின் ஓரத்திலிருந்து காற்றுக் குமிழ்கள் வரிசையாக வந்தன. கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். “யாருணா ஹெட்டைத் தொறந்தது? எடம் இங்க இருக்குதே.”

அதோடு விடவில்லை. கூலண்ட் போகிற துவாரத்துக்குள் விரலை விட்டு வெள்ளைக் காரையைச் சுரண்டி எடுத்துக் காட்டினார். போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்றார். உப்புத் தண்ணீர் உள்ளே ஓடினால் அலுமினியம் அரிக்கும், காரை படியும். வாங்கிய நாளிலிருந்து உங்களிடம் தவிர வேறெங்கும் அந்த வண்டிக்குக் கூலண்ட் மாற்றியதில்லை. ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் கூலண்டுக்குப் பணம் வாங்கியிருக்கிறீர்கள். பில்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன.

புதுக் கூலருக்காக ஜே.சி. ரோட்டில் கடை கடையாக ஏறினோம். தனியாகக் கிடையாது, ஹவுசிங்கோடு அசெம்பிளியாகத்தான் வரும், அதுவும் கம்பெனி கவுன்ட்டரில்தான் என்றார்கள். இப்படி உதிரி பாகங்களைப் பூட்டி வைப்பது தப்பு என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்றே தீர்ப்புச் சொல்லி, 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரி பாகமும் பழுது கண்டறியும் கருவியும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும், வெளியில் ரிப்பேர் செய்தார்கள் என்பதற்காகவே வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளமே திறந்தது. இவ்வளவுக்கும் பிறகு ஒரு கூலருக்காக நானும் பாயும் ஜே.சி. ரோட்டு வெயிலில் அலைந்தோம்.

கடைசியில் ஒரு கடையில் கிடைத்தது. கூலர், புது ஓ-ரிங்குகள், ஆயில் ஊறி உப்பிப் போயிருந்த ரப்பர் ஹோஸ்கள் (ஹெட்டையே இறக்கியவர்கள் கண்ணில் அவை படவில்லை), தண்ணீர் தெளியும் வரை திரும்பத் திரும்ப ஃப்ளஷிங், பாயின் கூலி எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய்க்குள் முடிந்தது. கிராக் விட்டதாக நீங்கள் சொன்ன அந்த பிளாக்தான் இன்றைக்கும் தேவனஹள்ளிக்கு ஓடுகிறது. ஓடாமல் நின்ற நாட்களின் தவணைக்கு வங்கி போட்ட அபராத வட்டியை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் நுகர்வோர் இல்லையா? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை ஒருவர் படித்துக் காட்டினார். சொந்தப் பிழைப்புக்காக மட்டும் சுயதொழில் செய்கிறவர், வியாபார நோக்கம் என்று விலக்கப்பட்டவர்களில் சேரமாட்டார். நான் சம்பளத்துக்கு டிரைவர் வைத்துப் பத்து வண்டி ஓட்டுகிறவன் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடிப்பது என் கைதான். இது தெரியாமலா அந்தக் கடிதத்தை அனுப்பினீர்கள்? தெரியும். படிக்காத டிரைவர் பயந்து போவான் என்று நினைத்தீர்கள்.

குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை என்றும் அதே சட்டமும் அதன் விதியும் சொல்கின்றன. போட்டுவிட்டேன். பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். அதோடு இன்னும் மூன்று கேட்டிருக்கிறேன்: ஹெட்டை இறக்குவதற்கு முன் செய்த சோதனையின் தாள், என் இன்ஜினிலிருந்து கழற்றிய பழைய கேஸ்கட், பிளாக்கில் நீங்கள் பார்த்த கிராக்கின் படம். விசாரணை நாளில் வக்கீலை மட்டும் அனுப்பாதீர்கள். இந்த மூன்றில் ஒன்றையாவது கொண்டு வந்து மேசை மேல் வையுங்கள்.