அடுப்புக்கு வாடகையா? அவசரப்படாதீர்கள்!

மீன் படாத நாள் உண்டு. வாடகை கேட்காத மாதம் உண்டா?

திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது பழவேற்காடு. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். ஏரியையும் கடலையும் நம்பியே இங்குள்ள மீனவ ஊர்கள் பிழைக்கின்றன. முகத்துவாரத்தை மணல் மூடினால் ஏரியில் மீன் வரத்துக் குறையும். புயல் வந்தால் படகு கரையில் கிடக்கும். பக்கத்திலே ஸ்ரீஹரிகோட்டா. அங்கே ராக்கெட் விடும் நாளில், கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை வரும். நாடே கைதட்டும் நாளில், மீனவர் வீட்டில் உலை வைக்க யோசிக்கிறார்கள்!

ஆகவே, பெண்கள் பன், பிஸ்கட், கேக் சுட்டு விற்று நாலு காசு சேர்க்க நினைப்பது நல்ல காரியம். ஆனால் தொழில் என்றதும் முதலில் ஓர் அறையை வாடகைக்குப் பிடிக்க ஓடுகிறார்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அறை வாடகை மாதம் ரூ.3,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பன்னில் உங்களுக்கு 2 ரூபாய் மிச்சம். அப்படியானால் 1,500 பன் விற்றால்தான் வாடகை தேறும். மாதம் 25 நாள் அடுப்பு எரிந்தால், தினம் 60 பன் அறைக்காரருக்கு! அறுபத்தொன்றாவது பன்தான் உங்களுக்கு. முன்பணமும் மின்சாரக் கட்டணமும் தனி.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. பன் வாங்குகிறவர் யார்? அவரும் மீனவர்தானே! மீன் படாத வாரத்தில் உங்கள் வீட்டிலும் பணம் இல்லை. வாங்குகிறவர் கையிலும் பணம் இல்லை. வாடகை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

1959ஆம் ஆண்டு பம்பாயில், கிர்காம் பகுதியில், ஏழு பெண்கள் மொட்டை மாடியில் அப்பளம் இடத் தொடங்கினார்கள். கடன் வாங்கிய முதல் 80 ரூபாய்தான். அதுதான் இன்று ஊர் உலகமெல்லாம் தெரிந்த லிஜ்ஜத் அப்பளம். கூட்டம் பெருகியபோது, அத்தனை பேரும் உட்கார்ந்து அப்பளம் இட அவர்கள் கட்டடம் தேடவில்லை. பிசைந்த மாவைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். இட்டு, காய வைத்து, திருப்பிக் கொடுத்தார்கள். அவரவர் வீடே தொழிற்சாலை!

வீட்டில் செய்ய அரசு விடுமா என்று கேட்கலாம். விடும். 2011இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளில், ஆண்டு வியாபாரம் ரூ.12 லட்சத்துக்கு மேல் போகாத சிறு வியாபாரிக்குப் பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு ரூ.100தான். வீட்டுச் சமையலறையையும் பதிவு செய்யலாம். விதிகள் அவ்வப்போது மாறும். பதியும் முன் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அடுப்படி சுத்தமாக இருக்கவேண்டும், தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கவேண்டும்.

ஆனால் அப்பளம் வேறு, பன் வேறு. பன்னுக்குப் பெரிய ரொட்டி அடுப்பு வேண்டும். ஓலை வீட்டில் அதை வைக்க முடியாது. உப்புக் காற்றில் இரும்பு துருப் பிடிக்கும். மழைக் காலத்தில் மாவு நமுத்துப் போகும். இது உண்மை. அதற்கும் வழி பழவேற்காட்டிலேயே இருக்கிறது.

ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. நல்ல மீன் படும் இடத்தை ஒருவரே பிடித்துக்கொள்ள முடியாது. சீட்டுப் போட்டு, முறை வைத்து, இன்று இவர், நாளை அவர் என்று வலை போடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. ஏரிக்கு முறை வைக்கத் தெரிந்த ஊருக்கு, அடுப்புக்கு முறை வைக்கத் தெரியாதா? பாட்டில் பெண்களுக்குப் பங்கில்லை, அடுப்பிலாவது இருக்கட்டுமே!

ஆறு பெண்கள் சேர்ந்து ஓர் அறை, ஓர் அடுப்பு. ஆளுக்கு ஒரு நாள். மாவை வீட்டிலேயே பிசைந்து, தட்டில் அடுக்கி எடுத்து வரலாம். அதே 3,000 ரூபாயில் ஆளுக்கு 500 வரும். பன் விற்காத மாதத்திலும் 500 ரூபாயைச் சமாளிக்கலாம். 3,000 ரூபாயை ஒருத்தி எப்படிச் சமாளிப்பாள்? சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசலாம். அறை இரவல் கிடைத்தால் வாடகையே இல்லை.

பொன்னேரிக் கடைகளிலிருந்து தினசரி ஆர்டர் வந்து, ஒரு நாள் முறை போதாமல் போனால், அப்போது தனி அறை பாருங்கள். அப்போதும் முதல் மூன்று மாதம் நாள் வாடகையாகப் பேசிப் பாருங்கள். ராக்கெட் விடும் நாளுக்கு வாடகை இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்!