23 கிலோ பெட்டியும் அம்மாவின் முதுகும்

வெளிநாட்டில் இருக்கும் என் பழைய மாணவர்களே, அண்ணன் தம்பி பிள்ளைகளே, இது உங்களுக்குத்தான். கோபம் வந்தால் வரட்டும்.

ஏப்ரல், மே வந்தால் மயிலாப்பூர் மொட்டை மாடிகளில் வடாம் காய்கிறது. பிழிகிறவருக்கு வயது அறுபத்தைந்து, எழுபது. சாப்பிடப் போகிறவர் நியூஜெர்சியில். விமானத்தில் 23 கிலோவில் இரண்டு பெட்டி. அதில் அம்மாவின் புடவை ஐந்து கிலோ தேறினால் அதிகம். மிச்சமெல்லாம் பருப்புப்பொடி, சாம்பார்பொடி, மாவடு, அடையாறு கிராண்ட் ஸ்வீட்ஸ் புளிக்காய்ச்சல். போய் இறங்கியதும் ஆறு மாதம் அடுப்படி. ஊருக்குக் கிளம்பும் வாரம் ஃப்ரீசர் நிறையச் சமைத்து, டப்பா மேல் பெயர் எழுதி ஒட்டிவிட்டு வருகிறார்கள். கேட்டால், "அம்மா இங்க வந்து நல்லா ரெஸ்ட் எடுத்தாங்க டீச்சர்" என்கிறீர்கள்.

"நம்ம ஊர் சாமான் இங்கே கிடைக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். நாற்பது வருஷம் முன்னால் போனவர்கள் சொன்னால் ஒப்புக்கொள்வேன். இன்று எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் இட்லி அரிசி, உளுந்து, முருங்கைக்காய் எல்லாம் இருக்கிறது. சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாழைப்பூகூட உண்டு. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்திய அரசு தடை போட்டதே, அப்போது அமெரிக்கக் கடைகளில் நம்மவர்கள் சோனா மசூரி மூட்டைகளை அள்ளிக்கொண்டு போன வீடியோவை எனக்கு அனுப்பியதே நீங்கள்தான்! அரிசி மூட்டை மூட்டையாகக் கிடைக்கிற ஊரில் எதற்குப் பஞ்சம்? சமைக்கிற கைக்கு. அதைச் சொல்லக் கூச்சம்.

பச்சைக் கறிவேப்பிலை விஷயம் வேறு. அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. அதில் ஒட்டி வரும் பூச்சி ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களுக்கு நோயைக் கொண்டுபோகும் என்று அமெரிக்காவில் உள்ளே விடுவதில்லை. நியாயமான சட்டம். அதையும் புடவை மடிப்பில் வைத்துக்கொண்டு வரச் சொல்லி, இங்கிலீஷ் தடுமாறுகிற அந்த அம்மாளைச் சுங்க அதிகாரி முன்னால் விழிக்க வைக்கிறீர்களே, இது எந்த ஊர் நியாயம்?

மலேயாவுக்கும் மொரீஷியசுக்கும் தோட்ட வேலைக்குப் போன நம் ஜனங்களுக்கு யார் பார்சல் அனுப்பினார்கள்? கிடைத்ததை வைத்துச் சமைத்தார்கள். அங்கே நம் இடியாப்பம் 'புட்டு மாயம்' ஆகி, மலாய்க்காரர்களே தெருவில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். மொரீஷியசில் இன்றும் வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறுகிறார்கள். ருசி கொஞ்சம் மாறியிருக்கும். மாறட்டுமே!

பையன்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கம்ப்யூட்டருக்கு ஆயிரம் வரி எழுதுகிறீர்கள், ரசத்துக்கு எவ்வளவு புளி என்று தெரியாது. "அம்மா கை மணம் வரல" என்று மனைவியைக் குறை சொல்ல மட்டும் தெரிகிறது.

ஏழாம் வகுப்பில் விகிதக் கணக்கு நடத்தினேனே, அதுதான் இதுவும். இட்லி அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு, வெந்தயம் ஒரு ஸ்பூன். ஊறவைத்து அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கலந்து மூடுங்கள். குளிரில் மாவு பொங்காவிட்டால் ஓவனுக்குள் வைத்து, உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் ராத்திரி முழுக்க எரியவிடுங்கள். ஓவனைப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்த தடவை அம்மா வந்து இறங்கினால், மறுநாள் காலை இட்லி நீங்கள் வார்த்துக் கொடுங்கள். கல்லு மாதிரி இருந்தாலும் இரண்டு கூடச் சாப்பிடுவார்கள்.