பெயரால் வீடு, உரிமையால் இரவல்

கூரையை வாங்கியவனுக்குத் தரை சொந்தமில்லை என்றால், அவன் வாங்கியது வீடாகுமா? இங்கிலாந்து, வேல்சு நாடுகளின் விடுமுறைப் பூங்காக்களில் நிலைக் கேரவன் விற்போர் இவ்வினாவை எழுப்புவதில்லை. வாங்குவோரேனும் எழுப்புதல் வேண்டும்.

ஸ்கெக்னஸ், ரில் முதலிய கடற்கரை ஊர்களில் இவை வரிசை வரிசையாக நிற்கின்றன. அடியில் சக்கரம் உண்டு, ஓடுவதில்லை. உள்ளே படுக்கையறையும் சமையலறையும் உண்டு. ஆயினும் சட்டத்தின் பார்வையில் அது கட்டடமன்று. மனிதர் தங்குதற்குரியதாய், ஓரிடத்தினின்று வேறிடத்திற்குப் பெயர்க்கத்தக்கதாய் உள்ள அமைப்பே கேரவன் என்பது 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறை. விற்பனையின்போது அதற்கு ‘விடுமுறை இல்லம்’ என்று பெயர். உரிமை கேட்கும்போது அது பெயர்த்தெடுக்க வேண்டிய பொருள்!

நிலம் பூங்கா உடைமையாளருடையது. கேரவனை நிறுத்திவைக்க ஆண்டுதோறும் மனைக்கட்டணம் செலுத்த வேண்டும். அனுமதிக் காலம் முடிந்தாலோ, பூங்கா விதித்த வயதைக் கேரவன் கடந்தாலோ, அதனை அகற்ற வேண்டும். அங்கே நிலையாகக் குடியிருக்கவும் இயலாது. பல பூங்காக்கள் குளிர்காலத்தில் சில வாரங்கள் மூடப்படுகின்றன. நிரந்தரக் குடியிருப்புப் பூங்காவினருக்கு 1983ஆம் ஆண்டு நடமாடும் இல்லச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. விடுமுறைக் கேரவனுக்கு அப்பாதுகாப்பு இல்லை. முன்னவர் தம் இல்லத்தை விற்கும்போது இங்கிலாந்தில் உடைமையாளர் பெறும் தரகு 10 விழுக்காட்டைத் தாண்டலாகாது. பின்னவரிடம் 15 விழுக்காடு கேட்கும் ஒப்பந்தங்கள் பல உள.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கேரவனின் விலை 40,000 பவுன், ஆண்டு மனைக்கட்டணம் 6,000 பவுன் எனக் கொள்வோம். பத்தாண்டில் செலவு 1,00,000 பவுன். பழைய கேரவன் 6,000 பவுனுக்கு விலைபோனால், தரகு 900 போகக் கைக்கு வருவது 5,100. இழப்பு 94,900 பவுன். ஆண்டுக்கு ஆறு வாரம் தங்கினால், ஒரு வாரத் தங்கலின் விலை ஏறத்தாழ 1,580 பவுன். எரிவாயுவும் காப்புறுதியும் இதில் சேரா. இதனை முதலீடு என்று கூறுவோர் கணக்கறியாதவர் அல்லர். பிறர் கணக்கறியாதிருத்தலை விரும்புவோர்.

கடற்காற்றையும் பேரப்பிள்ளைகளின் மகிழ்ச்சியையும் பவுனால் அளக்கலாமா என்பர். அளக்க இயலாதுதான். தொழில்நகரத்து உழைப்பாளி ஆண்டுக்குச் சில வாரம் கடலருகே வாழ விரும்புவது குற்றமுமன்று. அங்ஙனமாயின், மகிழ்ச்சியை மகிழ்ச்சி என்றே விற்கட்டும். சொத்து என்று பெயரிட்டு விற்பானேன்? ஓய்வுக்காலச் சேமிப்பை முழுதும் இதில் கொட்டி, குடியிருந்த வீட்டையும் விற்றுவிட்டவருக்கு, பூங்கா மூடும் நாளில் ஒதுங்கவும் இடமிராது. அந்நாளில் விளம்பரத்தின் இன்சொல் கதவைத் திறக்குமா?

நேர்மையற்ற ஒப்பந்த விதி நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது என 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் கூறுகிறது. ஆனால், வழக்குமன்றம் ஏறிப் பெறும் நீதி எளியவர்க்குத் தொலைவில் உள்ளது. தரகுக்கு வரம்பும், கட்டண உயர்வுக்கு நெறியும் விடுமுறைக் கேரவனுக்கும் சட்டமாதல் வேண்டும். அதுவரை, எத்தனை ஆண்டு அனுமதி, கட்டணத்தை உயர்த்துபவர் யார், விற்கும்போது மிஞ்சுவது எவ்வளவு என்னும் மூன்று வினாக்களுக்கும் எழுத்தில் விடை பெறாமல் ஒரு பவுனும் கொடுத்தலாகாது.

மாணவர்க்குச் சொற்பொருள் கற்பிப்பது தேர்வுக்காக மட்டுமன்று. ‘இல்லம்’, ‘உரிமையாளர்’ என்னும் சொற்கள் விலைச்சீட்டில் ஏறும்போது, அவற்றின் பொருளும் உடன் வருகிறதா என்று நோக்கக் கற்றவனை எந்த வணிகனும் எளிதில் ஏய்க்க இயலாது.