ஒலி யாருக்காக?



நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் பழைய கார் வாங்கினார். கதவிலிருந்த ஸ்பீக்கர்களின் விளிம்பு நைந்து கிழிந்திருந்ததால் கிராஅத் கரகரத்தது. "ஹஜ்ரத், இவற்றை மாற்றுவது வீண்விரயமாகுமா?" என்று வினவினார்.

பழுதடைந்ததை மாற்றுவது விரயமன்று. பயணத்தில் கிராஅத்தையும் பயானையும் தெளிவாகக் கேட்க விரும்புவது நல்ல நாட்டமே. ஆனால் தெளிவு வேறு, உரத்த ஒலி வேறு. பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் வாட் எண் பெரும்பாலும் ஒரு கணம் தாங்கும் உச்ச அளவே. தொடர்ந்து தாங்குவதைக் குறிப்பது ஆர்எம்எஸ் அளவு. காரின் ஸ்டீரியோவுக்குப் பொருந்தும் ஸ்பீக்கரைக் கதவில் இடைவெளியின்றிப் பொருத்தினாலே பலருக்கும் போதும். ஆம்ப்ளிஃபையரும் சப்வூஃபரும் தேவையா என்பதை அதன் பின்னர் எண்ணலாம்.

85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்பது செவிக்குக் கேடு. ஒலி 3 டெசிபல் கூடுந்தோறும் அந்நேரம் பாதியாகக் குறைகிறது. செவி ஓர் அமானிதம். பின்னிருக்கையில் நம் பிள்ளைகளின் செவிகளும் உள்ளன.

லுக்மான் அத்தியாயத்தின் 19ஆம் வசனம் குரலைத் தாழ்த்தப் பணிக்கிறது. அவ்வாறிருக்க, ஃபஜ்ருக்குப் பின் தெரு அதிரக் கிராஅத்தை ஒலிக்கவிடுவது எங்ஙனம் நன்மையாகும்? அடுத்த வீட்டில் நோயாளி உறங்கலாம். ஓதப்படுவது இறைவசனம் என்பதால் அண்டை வீட்டாரின் உரிமை அற்றுப்போவதில்லை.

மாணவரிடம் நாம் கூறினோம்: "தம்பி, மாற்றிக்கொள்ளுங்கள். பின்னர் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வெளியே இறங்கி நில்லுங்கள். அங்கும் தெளிவாகக் கேட்டால் ஒலியைக் குறையுங்கள்."

வல்ல அல்லாஹ் நம் செவிகளையும் எண்ணங்களையும் காத்தருள்வானாக. ஆமீன்.